வெயில் ஊரின் எஃகுச் சைக்கிள்கள்

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது துருவின் வேகம் கூடுகிறது. கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்வதால் சைக்கிள் சட்டம் சீக்கிரம் அரிபடும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதியின் வறண்ட காற்றில் அதே சட்டம் நெடுநாள் தாங்கும். 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் கைகொடுத்ததும் இந்த வறட்சிதான். தீக்குச்சி மருந்து காய்வதற்கு உதவிய காற்று, எஃகையும் காக்கிறது.

1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் சென்னை அம்பத்தூரில் தயாரித்த ஹெர்குலிஸ் போன்ற பழைய வண்டிகளில், எஃகுக் குழாய்களை லக் என்னும் உறைக்குள் செருகிப் பித்தளையை உருக்கிப் பற்றவைத்தார்கள். எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். பித்தளைக்கு 900 டிகிரியே போதும். அதனால் குழாய் உருகாமலே மூட்டு இறுகும். வளைந்த சட்டத்தை ஓரளவு நிமிர்த்தவும் ஒடிந்த குழாயை மாற்றவும் முடியும். அலுமினியச் சட்டத்தில் இது எளிதல்ல.

மலைச் சைக்கிளும் இந்த எஃகிலிருந்து பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் வட்டார இளைஞர்கள், 1930களின் பருமனான ஷ்வின் சைக்கிள்களைப் பழுதுபார்த்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். இறக்கத்தின் சூட்டில் பின் ஹப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து எரிந்தது. 1977இல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாயில் புதிய சட்டமே செய்தார். இந்தக் கலப்பெஃகு வலிமை மிக்கது என்பதால் குழாய்ச் சுவரை மெலிதாக்கி எடையைக் குறைக்க முடிந்தது.

பழைய எஃகுச் சைக்கிளை மீட்கும் வேலை சட்டத்தைச் சோதிப்பதில் தொடங்குகிறது. ஹேண்டில் குழாயின் கீழே பெயிண்ட் உப்பியிருந்தாலோ சுருங்கியிருந்தாலோ, வண்டி எங்காவது மோதியிருக்கக்கூடும். அடுத்தது ஓவராயிலிங், அதாவது பாகங்களைக் கழற்றிப் புதுக் கிரீஸ் போடும் வேலை. கிராங்கின் கோட்டர் பின்னைத் தட்டும்போது நட்டை முழுவதும் கழற்றாமல் தளர்த்தி விட்டால் மரை நசுங்காது. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றியது. கழற்ற வலப்பக்கம் திருக வேண்டும். கப், கோன் இரண்டிலும் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, புதிய பால்ரஸ் போட்டு, கிரீஸ் நிரப்ப வேண்டும். பின் ஹப்புக்கும் கிராங்குக்கும் வழக்கமாகக் கால் அங்குல பால்ரஸ். முன் ஹப்புக்கு அதைவிடச் சிறியது. ரிம்மின் பெண்டை ஸ்போக் நிப்பிளைத் திருகி எடுக்கலாம்.

துரு நீக்க நீர்த்த ஆக்சாலிக் அமிலம் ஏற்றது. அது துருவைக் கரைத்துவிடும். நல்ல இரும்பையோ பெயிண்டையோ அவ்வளவாகத் தொடாது. நச்சு என்பதால் கையுறை அவசியம். ஊறிய பாகத்தைக் கழுவி, சமையல் சோடா நீரில் அலசி, உடனே உலர்த்த வேண்டும். குரோம் பூச்சின் துருப்புள்ளிகளை ஈரமான அலுமினியத் தாளால் தேய்க்கலாம். அலுமினியம் குரோமை விட மென்மையானது, கீறல் விழாது.

சிவகாசி போன்ற பட்டாசு வட்டாரத்தில் கூடுதல் கவனம் தேவை. மருந்து கலக்கும் அறைகளில் பொறி எழும் இரும்புக் கருவிகளுக்கு இடமில்லை. கிரைண்டரும் இரும்புப் பிரஷும் பொறி பறக்க வைப்பவை. இவற்றைக் கொண்டு செய்யும் வேலைகளை வெடிமருந்தும் அலுமினியப் பொடியும் இருக்கும் இடத்துக்கு வெகு தொலைவில்தான் செய்ய வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர உரசினால் தூசி மூச்சில் போகும். நீர் விட்டு உரசுவதே பாதுகாப்பு.

புதிதாக பெயிண்ட் அடிப்பது கடைசி வழி. கம்பெனி முத்திரையும் தங்கக் கோடுகளும் ஒருமுறை அழிந்தால் மூலத்தை மீட்க முடியாது. துரு நின்றுவிட்டதென்றால் மெழுகுப் பூச்சே போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சீட்டுக் குழாயைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டு வைத்தால், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்து அரிக்கும் துருவும் தடைபடும்.