அந்தரத்தில் ஓடும் ஓநாய்

தொலைக்காட்சியில் கார்ட்டூன் படம் ஓடுகிறது. ஓர் ஓநாய் ஒரு பறவையைத் துரத்துகிறது. எதிரே பெரிய பள்ளத்தாக்கு. பறவை சட்டென்று நின்றுவிடுகிறது. ஓநாய் நிற்கவில்லை. பாறையைத் தாண்டியும் ஓடுகிறது. அதன் காலடியில் தரை இல்லை. ஆனாலும் அது விழவில்லை.

பிறகு அது மெல்லக் கீழே பார்க்கிறது. திருதிருவென்று விழிக்கிறது. அப்போதுதான் விழுகிறது. ‘தொப்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் புழுதி. அடுத்த காட்சியில் ஓநாய் மறுபடியும் ஓடுகிறது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். பெரியவர்களும் சிரிக்கிறார்கள்.

இந்த ஓநாயும் பறவையும் 1949-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவை. சக் ஜோன்ஸ் என்பவர் இயக்கிய படத்தில் முதலில் வந்தன. ‘டாம் அண்ட் ஜெர்ரி’ பூனையும் எலியும் இவற்றுக்கு மூத்தவை. அவை 1940-இல் வந்தன.

ஏன் சிரிப்பு வருகிறது?

கையிலிருந்து நழுவிய பொருள் கீழே விழும். இது எல்லாருக்கும் தெரியும். பூமி எல்லாப் பொருள்களையும் தன் பக்கம் இழுக்கிறது. இதைப் புவி ஈர்ப்பு என்பார்கள். புவி ஈர்ப்பு யாருக்காகவும் ஒரு நொடிகூடக் காத்திருக்காது. படத்தில் மட்டும் ஓநாய் கீழே பார்க்கும்வரை காத்திருக்கிறது. நடக்க முடியாதது நடக்கிறது. அதனால் சிரிப்பு வருகிறது.

இதை எப்படிச் செய்கிறார்கள்? திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஓநாய் ஒரு நொடி காற்றில் நிற்க வேண்டுமா? 24 படங்களிலும் அது ஒரே இடத்தில் இருந்தால் போதும். தாளில் வரைந்த ஓநாய்க்கு எடை இல்லை.

நிஜத்தில் என்ன நடக்கும்?

இரண்டு நாணயங்களை மேசை விளிம்பில் வையுங்கள். ஒன்றை வேகமாகச் சுண்டிவிடுங்கள். அதே நேரத்தில் மற்றதை மெல்லத் தள்ளிவிடுங்கள். சுண்டிய நாணயம் தூரத்தில் போய் விழும். மற்றது பக்கத்திலேயே விழும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி, தரை முடிந்த இடத்திலேயே விழுதல் தொடங்கிவிடும்.

20 அடி உயர மாடியிலிருந்து ஒருவர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒரு நொடியில் தரைக்கு வந்துவிடுவார். அப்போது வேகம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஓடும் வண்டியில் மோதியது போல் அடிபடும். எலும்பு முறியும். தலையில் அடிபட்டால் உயிரே போகலாம்.

படத்தில் அந்தப் பறவை சட்டென்று நிற்கிறது. நிஜத்தில் வேகமாக ஓடும் எதுவும் அப்படி நிற்க முடியாது. ஓடும் பேருந்திலிருந்து குதித்தவரின் கால் தரையில் நிற்கும். உடல் பேருந்து போகும் பக்கமே போகும். அதனால்தான் குப்புற விழுகிறார்.

வீடியோ விளையாட்டுகளிலும் இதே கதைதான். 1985-இல் ஜப்பானில் ‘சூப்பர் மேரியோ’ விளையாட்டு வந்தது. அதில் வருபவர் தம் உயரத்தைவிடப் பல மடங்கு குதிப்பார். காற்றிலேயே திசை மாறுவார். உயிர் போனால் இன்னோர் உயிர் இருக்கும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

பெரியவர்களுக்குப் படம் வேறு, நிஜம் வேறு என்று தெரியும். சின்னக் குழந்தைக்கு அது முழுதாகத் தெரியாது. விழுந்தவர் எழுந்து ஓடுவார் என்று அது நம்பலாம். மாடியிலிருந்து குதித்தும் பார்க்கலாம்.

அதற்காகக் கார்ட்டூனைத் தடுக்க வேண்டாம். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சிரியுங்கள். பிறகு, “நிஜமாக விழுந்தால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். நாணயங்களை விழவிட்டுக் காட்டுங்கள். மொட்டை மாடிக்கும் கிணற்றுக்கும் சுற்றுச்சுவர் கட்டுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் படங்களில் நிஜத்தில் நடக்காதவை எவை?
2. உங்கள் ஊரில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை?