சீனிக் கரண்டியிலிருந்து தொடங்குவோம்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தபோதும், வீடிழந்தவர்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது. இத்தகைய வாழ்வில் உடம்புக்கு நேரும் ஒரு மாற்றத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. மண்வெட்டி பிடித்த கையும் கொழுந்துக் கூடையோடு மலையேறிய காலும் ஓய்ந்துவிடுகின்றன. நிவாரணமாக வருவதோ அரிசி, கோதுமை மா, சீனி. உழைப்புக் குறைந்த பின்னும் பழைய அளவிலேயே உண்டால் மிஞ்சுவது கொழுப்பாகச் சேரும்.

வீட்டில் சோறே போதவில்லை என்றால் இக்கட்டுரை உங்களுக்கானதல்ல. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உணவைக் குறைக்கவே கூடாது. இடுப்புச் சுற்றளவு பெண்களில் 80, ஆண்களில் 90 சென்ரிமீற்றரைத் தாண்டியவர்களுக்கே இதைச் சொல்கிறோம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இவர்களை எளிதில் பிடித்துக்கொள்ளும்.

முதலில் தேநீரைப் பார்ப்போம். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்றால் 15 தேக்கரண்டி. ஏறக்குறைய 60 கிராம், 240 கலோரி. வளர்ந்த ஒருவருக்கு 50 கிராமுக்குள், இயன்றால் 25 கிராமுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2015 இல் தந்த அளவு. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாளே பழைய கரண்டி திரும்பிவரும். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்குப் பழகிவிடும். தோட்டத்துப் பெரியவர்கள் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு நன்மை உண்டு: கையிலுள்ள சீனி கண்ணுக்குத் தெரியும், கோப்பையில் கரைந்தது தெரியாது.

அடுத்தது ரொட்டி. மூன்று உண்பவர் இரண்டோடு நிறுத்தி, மிச்ச இடத்தை வல்லாரைச் சம்பலாலும் போஞ்சிக் கறியாலும் நிரப்பலாம். மாவில் ஒரு பங்கு குரக்கன் சேர்த்தால் பசி தாமதித்தே வரும். எண்ணெயைப் போத்தலிலிருந்து நேரே ஊற்றாதீர்கள். ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருப்பதால் அளந்துதான் விட வேண்டும்.

மாதத்துக்கு ஒரு கிலோ குறைந்தாலே போதும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்த எடை பெரும்பாலும் திரும்பிவிடும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்குமுன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரக்கூடும்.