தோட்டம் கலைந்த பிறகு பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்?

சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்பில், டோவன்பி, ஹீவூட் என்று சொன்னால் பெரியவர்களுக்கு இன்றும் பால்மரமும் லயத்து வீடுகளும்தான் நினைவுக்கு வரும். அந்த லயங்களில் ஒரு பெண்பிள்ளை வயசுக்கு வந்தால், அடுத்த வீட்டுப் பெரியம்மா உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாக வந்து நிற்பார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். ஆயாக்கொட்டகை ஆயா இருந்தார், பிரசவம் பார்த்த மருத்துவச்சி இருந்தார், தோட்டத்து டிரசர் இருந்தார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நிலம் கைமாறியது. குடும்பங்கள் புந்தோங், சிலிபின், பெர்ச்சாம் என்று ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்து போயின. அம்மா தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். பாட்டி வேறு ஊரில் இருக்கிறார். 14 வயதுப் பிள்ளை தன் உடம்பைப் பற்றிய சந்தேகத்தைக் கைப்பேசியிடம் கேட்கிறது. அது எதை வேண்டுமானாலும் காட்டும்.

ஒத்த வயதுக்காரர் சொன்னால்

இந்த வெற்றிடத்தை இளையோரைக் கொண்டே நிரப்பலாம் என்ற எண்ணம் மலேசியாவுக்குப் புதிதல்ல. 1996-இல் சுகாதார அமைச்சு 'புரோஸ்டார்' திட்டத்தைத் தொடங்கியது. எய்ட்ஸ் பற்றி இளையோருக்கு இளையோரே பயிற்சி பெற்றுச் சொல்வதுதான் அதன் அடிப்படை. 1958-இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பாகப் பிறந்து, இன்று இனப்பெருக்கச் சுகாதாரச் சங்கங்களின் கூட்டமைப்பாக இருக்கும் அமைப்பும் இளையோரோடு வேலை செய்து வருகிறது. 2011 முதல் ஆரம்பப் பள்ளியிலேயே இனப்பெருக்க, சமூகச் சுகாதாரக் கல்வி பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. பாடம் இருந்தும், ஆசிரியரும் மாணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டு வேகமாகப் புரட்டிவிடும் பக்கங்கள் உண்டு.

அங்கேதான் நாலைந்து வயது மூத்த அக்காவோ அண்ணனோ தேவைப்படுகிறார். உங்கு ஓமார் போலிடெக்னிக்கிலோ தனியார் கல்லூரியிலோ படித்துக்கொண்டு, சனிக்கிழமை பழைய தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கு வந்து உட்காரக்கூடிய பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் பல நாட்டு அனுபவம் வேறொன்றையும் சொல்கிறது. சக இளையோர் பேசினால் அறிவு கூடும். பக்கத்தில் கிளினிக்கும் ஆலோசகரும் இல்லையென்றால் பழக்கம் மாறுவது குறைவு. ஆகவே, அந்த அக்காவுக்கோ அண்ணனுக்கோ எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யாரை எங்கே அழைத்துப் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கிளினிக் வாசல்வரை கூடவே போகவும் வேண்டும்.

பெயர் எழுதாத சீட்டுகள்

இந்தச் சனிக்கிழமைக் கூட்டங்களில் ஒரு காலி பிஸ்கட் டின் எப்போதும் நல்ல பலன் தரும். எல்லோர் கையிலும் ஒரே மாதிரிச் சீட்டு, ஒரே நிறப் பேனா. கேள்வி இல்லாதவரும் எதையாவது எழுதிப் போட வேண்டும் என்பது விதி. அப்போதுதான் யார் கேட்டது என்று தெரியாது.

“ரெண்டு மாசமா வரல, எனக்கு நோயா?” என்று ஒரு சீட்டு வரும். முதல் மாதவிடாய்க்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் தேதி முன்பின்னாகத்தான் இருக்கும். 21 நாள் முதல் 45 நாள் வரை இடைவெளி இந்த வயதில் இயல்பே. மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனாலும், ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பேட் மாற்றும்படி போனாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடலுறவு நடந்திருந்தால் காத்திருக்கக் கூடாது, முதலில் கர்ப்பப் பரிசோதனை. இதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் விசாரணைத் தொனி வந்துவிடக் கூடாது.

வெள்ளைப்படுதல் பற்றிய சீட்டு தவறாமல் இருக்கும். நிறமற்றோ வெண்மையாகவோ கொஞ்சமாக இருந்தால் பயமில்லை. அரிப்பும் கெட்ட வாடையும் நிற மாற்றமும் இருந்தால் மருந்து உண்டு.

பையன்களின் சீட்டுகள் பெரும்பாலும் பயத்தில் எழுதியவை. தூக்கத்தில் விந்து வெளியேறினால் உடம்பு உருக்குலைந்துவிடும் என்று வீடியோவில் ஒரு 'வைத்தியர்' சொல்லியிருப்பார். அது பருவ வயதின் இயல்பு, எந்தச் சத்தும் போய்விடாது, எந்த லேகியமும் வேண்டாம். இந்த ஒரு பதிலுக்காகவே பையன்களையும் அழைக்க வேண்டும் என்பேன். பெண்பிள்ளைகளை மட்டும் கூட்டிவைத்துப் பேசும் பழக்கம் பாதி வேலைதான்.

ரகசியத்துக்கு ஓர் எல்லை

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா” என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன செய்வது? பயிற்சியில் அதிக நேரம் எடுக்க வேண்டிய இடம் இதுதான். சத்தியம் செய்யக் கூடாது. “உனக்கு ஆபத்துன்னா நான் ஒரு பெரியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுச் சொல்வேன்” என்று கதை கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 16 வயதுக்குட்பட்ட பெண்ணோடு உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், பாலியல் வல்லுறவுக் குற்றம். சிறார் மீதான பாலியல் குற்றச் சட்டம் 2017-இன்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றமாகும். 19 வயது அக்கா இந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்கக் கூடாது; அவருக்குப் பின்னால் ஒரு தாதியோ ஆலோசகரோ இருந்தே ஆக வேண்டும்.

72 மணி நேரம்

வன்முறைக்கு ஆளானவர் குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சை, போலீஸ், சமூகநல உதவி ஆகியவற்றை ஒரே இடத்தில் தரும் நெருக்கடிச் சேவை மையங்கள் அரசாங்க மருத்துவமனைகளில் இதற்காகவே உண்டு. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாள் கடந்து தெரிய வந்தாலும் போக வேண்டும். அப்போதும் செய்ய நிறைய இருக்கிறது.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவியும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று தந்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல். கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வந்ததால் கிடைத்த வெற்றி அது. இளையோர் அப்படி வருவதில்லை.

இனி கேட்க வேண்டியவை

18 வயதுக்குட்பட்டவருக்குச் சிகிச்சை என்றால் பெற்றோர் ஒப்புதல் கேட்கப்படுகிறது. வீட்டிலேயே ஆபத்து இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? ஆலோசனைக்கும் பரிசோதனைக்குமாவது இந்தத் தடை தளர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இதை அதிகாரிகள் முன் இளையோரே பேச வேண்டும். 2021-இல் வகுப்பறையில் ஆசிரியர் சொன்ன வல்லுறவு 'ஜோக்'கை எதிர்த்து 17 வயது மாணவி ஒருத்தி வெளியிட்ட காணொளி நாட்டையே பேச வைத்தது. மாதவிடாயா என்று மாணவியரைச் சோதிக்கும் பள்ளிப் பழக்கமும் அதே சமயத்தில் வெளிச்சத்துக்கு வந்தது.

நம் பக்கத்தில் கேட்க வேண்டியவை இன்னும் எளியவை. கிளினிக்குகளில் தமிழில் பேசும் ஒருவர் இளையோருக்கென்று வாரத்தில் ஒரு மாலை இருக்க வேண்டும். எச்பிவி தடுப்பூசி 2010 முதல் 13 வயது மாணவியருக்குப் பள்ளியில் போடப்படுகிறது. படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளையும் அதற்காகத் தேடிப் போய் அழைத்து வர வேண்டும். கோயில் நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மாதம் ஒரு சனிக்கிழமை மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும். அதன் வாசலில் தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கட்டும். அது 24 மணி நேரமும் இயங்குகிறது.