கோழிக்கு ரத்தம் வந்தால் மற்ற கோழிகள் சேர்ந்து கொத்துவது ஏன்? காயம்பட்ட கோழியைக் காப்பாற்றுவது எப்படி?

வீட்டுக் கோழிகளுக்குள் சண்டை வந்து ஒன்றுக்கு ரத்தம் வந்துவிட்டால், 'தானா சரியாயிடும்' என்று விட்டுவிடுவது ஆபத்து. கூடவே வளர்ந்த கோழிகளே அதைக் கொத்திக் கொன்றுவிடக்கூடும். மருந்தைத் தேடுவதற்கு முன், அந்தக் கோழியைத் தூக்கித் தனியாக வைக்க வேண்டும். இதுதான் முதல் சிகிச்சை.

புதுச்சேரி நகரில் வீட்டின் பின்பக்கத்திலோ மொட்டை மாடியிலோ நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இந்தச் சிக்கலை எளிதில் சந்திக்கலாம். கிராமத்துக் கோழிக்கு ஓடி ஒளிய வேலியும் புதரும் இருக்கும். மாடிக் கூண்டில் அடி வாங்கும் கோழிக்கு ஒதுங்க இடமே கிடையாது.

கோழிகள் ஏன் சண்டை போடுகின்றன?

கோழிக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று ஒரு வரிசை உண்டு. முதலில் தீனி தின்பது, நல்ல இடத்தில் அடைவது எல்லாம் அந்த வரிசைப்படிதான். நார்வே விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே 1920-களில் இதை ஆராய்ந்து எழுதினார். வரிசை முடிவானதும் பெரும்பாலும் சண்டை அடங்கிவிடும். புதுக்கோழி வந்தாலோ, இருந்த கோழி போனாலோ மறுபடி தொடங்கும். இரண்டு மூன்று நாள் துரத்தல், ஒன்றிரண்டு கொத்து என்றால் பயப்பட வேண்டாம்.

ரத்தம் வந்துவிட்டால் கதையே வேறு. சிவப்பு நிறம் கோழிகளை இழுக்கும். ஒன்று கொத்தினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். முட்டையிட்டதும் ஆசனவாயின் உட்பகுதி சற்று நேரம் சிவப்பாக வெளியே தெரியும். அந்த இடத்தில் கொத்துப்பட்டால் குடல் வரை வெளியே வந்து கோழி இறந்துவிடலாம்.

சண்டையைக் கிளப்பும் காரணங்கள்:

● இட நெருக்கடி. வளர்ந்த கோழிக்குக் கூட்டுக்குள் குறைந்தது 2 சதுர அடி வேண்டும். பகலில் மேய தனி இடமும் தேவை.

● ஒரே தீனித் தட்டு, ஒரே தண்ணீர்க் கிண்ணம்.

● வெறும் அரிசி, நொய் மட்டும் போடுவது. புரதமும் உப்புச்சத்தும் குறைந்தால் இறகைப் பிடுங்கித் தின்னும்.

● வெயில், புழுக்கம், இரவிலும் எரியும் பளிச்சென்ற விளக்கு.

● சேவல்கள் அதிகமாக இருப்பது. 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அசில் போன்ற சண்டைக்கோழி ரகங்களில் இரண்டு சேவல்களைச் சேர்த்து விடவே கூடாது.

காயம்பட்ட கோழிக்கு முதலுதவி

1. தனிக் கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ நிழலான, அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீரும் தீனியும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

2. ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 5 முதல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

3. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு கலந்து காயத்தைக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இறகுகளைக் கத்தரியால் நறுக்கிவிடலாம், பிடுங்க வேண்டாம்.

4. பிறகு, வெளிர் டீ நிறம் வரும்வரை தண்ணீர் கலந்த போவிடோன் அயோடினைத் தடவுங்கள்.

5. ஈ மொய்க்காமல் கொசுவலையால் மூடுங்கள். காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். புதுச்சேரி போன்ற கடலோர வெக்கையில் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

மண்ணெண்ணெய், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. மனிதர்களுக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் தவறு.

எப்போது மருத்துவமனை?

எலும்போ சதையோ தெரிவது, கண்ணில் காயம், ஆசனவாய் வெளியே தள்ளியிருப்பது, புழு, அழுத்தியும் நிற்காத ரத்தம், ஒரு நாள் முழுக்கத் தீனி எடுக்காதது — இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ கொண்டு செல்லலாம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டையிலும் முகத்திலும் கொப்புளமும் பொருக்கும் இருந்தால் அது கொத்துக்காயமாக இல்லாமல் அம்மையாக இருக்கலாம். பல கோழிகள் திடீரென்று சோர்ந்து சாகின்றன என்றால் அது சண்டையில் வந்ததல்ல. செத்த கோழியை வெறும் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

மறுபடி எப்படிச் சேர்ப்பது?

காயம் காய்ந்து, சிவப்பு மறைந்து, இறகு மூடத் தொடங்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். பல நாள் பிரிந்திருந்த கோழியை மற்றவை புதுக்கோழியாகத்தான் பார்க்கும். அதனால் முதலில் கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு வாரம் வையுங்கள். பிறகு சாதுவான ஒரு கோழியோடு மட்டும் விட்டுப் பாருங்கள். மற்றவற்றோடு சேர்க்கும் நாளில் இரண்டு மூன்று இடங்களில் தீனி வைத்து, ஒளிய ஒரு கவிழ்த்த கூடையோ பலகையோ போட்டு வையுங்கள்.

எப்போதும் ஒரே கோழிதான் வம்பு செய்கிறது என்றால், அடி வாங்கும் கோழிக்குப் பதிலாக அந்த ரவுடிக் கோழியை நாலைந்து நாள் தனியாக அடைக்கலாம். திரும்பி வரும்போது அதன் அதட்டல் குறைய வாய்ப்பு உண்டு. அதன் பிறகும் சண்டை ஓயவில்லை என்றால் கூண்டின் அளவையும் கோழிகளின் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். இடத்தைக் கூட்ட முடியாவிட்டால், கோழிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் ஒரே வழி.