நாற்பது தாண்டிய தோலை நாள்தோறும் காப்போம்



"டிரெசரய்யா, வயசாயிடுச்சு, தோல் சுருங்கத்தானே செய்யும்? அதுக்கு என்ன வைத்தியம்?" என்று மருந்தகத்தில் பலர் கேட்பதுண்டு. சுருக்கத்துக்கு வைத்தியம் தேவையில்லை. ஆனால் தோல் அழகுக்கு மட்டும் உள்ளதல்ல. வெளியில் உள்ள கிருமியும் புல் மருந்தும் உள்ளே நுழையாமல் தடுப்பது தோல். உடம்பிலுள்ள நீர் வெளியேறாமல் காப்பதும் அதுவே. அதில் வெடிப்பு விழுந்தால் ஆபத்து உள்ளே வர வழி திறந்துவிட்டது என்று பொருள். வெளிக்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது காலையே காப்பாற்றும் விஷயம்.

வயதானால் என்ன நடக்கிறது?

வாலிபத்தில் சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை மேல்தோல் புதிதாகிறது. வயது ஏற ஏற இதற்கு 6 வாரம், அதற்கு மேலும் ஆகலாம். தோலில் ஊறும் இயற்கை எண்ணெயும் குறைகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு இது வேகமாகக் குறையும். அதனால்தான் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் செதில் காண்பதும், ராத்திரியில் அரிப்பு எடுப்பதும். இவற்றோடு பல வருஷம் பட்ட வெயிலும் சேர்ந்து தோலை மெலிந்து போகச் செய்கிறது. புகை பிடிப்பவர்களுக்குச் சுருக்கம் இன்னும் சீக்கிரம் விழும்.

காலையில்: வெயிலை மறையுங்கள்

பெரட்டுக்குக் கிளம்பும் முன் முகம், கழுத்து, கைகளில் லேசாக எண்ணெயோ கிரீமோ தடவலாம். வெயில் கிரீம் வாங்க முடிந்தவர்கள் 30 எண் அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குங்கள். அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். வியர்த்துக் கொட்டும் வேலையில் அது நிற்காது. ஆகவே நமக்குச் சிறந்த வெயில் மருந்து துணிதான். முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயில் கடுமை. பிடரியையும் காதையும் மறக்காதீர்கள்.

வேலையில்: மருந்தும் ஆசிட்டும்

மருந்து அடிப்பவர்கள் கையுறை, பூட்ஸ் இல்லாமல் தொட்டியைத் தூக்காதீர்கள். சிலுவாரைப் பூட்ஸுக்கு உள்ளே செருகாமல் வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் இறங்கி நாள் முழுதும் காலை ஊறவைக்கும். பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய போத்தல் எங்காவது கிடந்தால் தொடாமல் மண்டோரிடம் சொல்லுங்கள். கித்தாப் பால் உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் மேலே பட்டால், துணியைக் கழற்றிவிட்டு 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். எண்ணெயோ பற்பசையோ பூச வேண்டாம். கழுவிய பிறகு மருந்தகத்துக்கு வாருங்கள்.

வேலைக்குத் தேவையான பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்பது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். வேலையால் வரும் தோல் நோய்க்கு சொக்சோவில் மனுச் செய்யவும் வழி உண்டு. அரிப்பு வந்தால் எந்த மருந்து, எந்தத் தேதி என்று குறித்து வைத்துக்கொண்டு சங்கக் கிளையில் சொல்லுங்கள்.

குளிக்கும்போது

வேலை முடிந்ததும் முதலில் குளியல், பிறகுதான் சாப்பாடு. வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். சுடுதண்ணீர் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் அது எடுத்துவிடும். பச்சைத் தண்ணீர் அல்லது இளஞ்சூடு போதும். துணி துவைக்கும் சவர்க்காரத்தை உடம்புக்குப் போடாதீர்கள். வாசனை குறைந்த, மென்மையான சவர்க்காரத்தை அக்குள், தொடை இடுக்கு, பாதம், அழுக்கும் மருந்தும் பட்ட இடம் ஆகியவற்றுக்குப் போட்டால் போதும். நாரால் பரபரவென்று தேய்ப்பது வயதான தோலைக் கீறிவிடும்.

குளித்ததும் துவாலையால் ஒற்றி எடுங்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம். காய்ந்த தோலில் தடவினால் எண்ணெய் மேலே நிற்கும், அவ்வளவுதான். ஈரத் தோலில் தடவினால் அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். விலை உயர்ந்த கிரீமுக்குப் போகத் தேவையில்லை.

இரவில்: பாதத்தைப் பாருங்கள்

குதிகால் வெடிப்பைப் பித்தவெடிப்பு என்கிறோம். பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வறட்சியும் நின்று நடக்கும் பாரமுமே காரணம். வாரத்தில் இரண்டு நாள் காலைப் பத்து நிமிடம் சாதாரண நீரில் ஊறவைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, வாசலின் தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள். பிளேடால் சீவாதீர்கள். யூரியா கலந்த கிரீம் மருந்துக் கடையில் கிடைக்கும், வெடிப்புக்கு நல்லது. "அதான் ஸ்டோர்ல மூட்டை மூட்டையா இருக்கே!" என்று உரத்தை எடுத்துப் பூசிவிடாதீர்கள். உரம் புண்ணாக்கும்.

கால் விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்து உலர வையுங்கள். அங்கே எண்ணெய் வேண்டாம். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

நீரிழிவு உள்ளவர்கள் ஒரு நாளும் தவறாமல் இரவில் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் ஏறினாலும் தெரியாது. வலிக்கவில்லை என்று விட்ட சிறு புண்தான் சீழ் பிடித்து, காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. அவர்கள் காலை ஊறவைக்கவும் கல்லால் தேய்க்கவும் வேண்டாம். வெடிப்பு இருந்தால் மருந்தகத்தில் காட்டுங்கள்.

பூசக் கூடாதவை

ஏழே நாளில் வெள்ளையாக்கும் என்று சந்தையிலும் கைப்பேசியிலும் விற்கும் கிரீம்களில் சிலவற்றில் பாதரசம் இருந்ததாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயின் முகத்தில் பூசியது துவாலை, தலையணை வழியாகக் குழந்தைக்கும் போகும். டப்பாவில் என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். எண் இருந்தாலும் அது உண்மைதானா என்று படித்த பிள்ளைகளை அமைச்சின் பட்டியலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட களிம்பை நீங்கள் பூசாதீர்கள். ஸ்டீராய்டு களிம்பு படர்தாமரையில் முதலில் அரிப்பை அடக்கி, பிறகு அதை உடம்பெல்லாம் பரப்பிவிடும். நாள்கணக்கில் பூசினால் தோல் காகிதம் போல் மெலியும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனாலும் தோல் வெந்து கறுக்கும்.

எப்போது காட்ட வேண்டும்?

எண்ணெய் தடவியும் இரண்டு வாரமாக அரிப்பு நிற்கவில்லையென்றால், தோலை மட்டும் பார்த்துக்கொண்டிராதீர்கள். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு இவற்றாலும் அரிப்பு வரும். வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். ஒரு மாதமாக ஆறாத புண், நிறமோ உருவமோ மாறும் மச்சம், உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிய கறுப்புப் புள்ளி இவற்றை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவுக்காரர் காலில் புண் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் தினமும் பத்து நிமிடம்தான் ஆகும். குடும்பத்துக்காக நாற்பது ஐம்பது வருஷம் வெயில் தாங்கிய தோலுக்கு அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள். இன்று இரவே பாதத்தைப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் மருந்தகத்துக்கு வாருங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.