மாணவர்கள் கேட்ட கணக்கு: நம் கல்லூரியின் பணம் எங்கே இருக்கிறது?

காஸாவில் நடப்பது இனப்படுகொலையே என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 செப்டம்பரில் அறிவித்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே பல நாட்டு மாணவர்கள் கல்லூரி வளாகங்களில் கூடாரம் அடித்து, 'முதலீட்டைத் திரும்பப் பெறு' என்று கோரினார்கள். அதன் பொருள் என்ன?

மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு, நமது வக்ஃபைப் போல, நன்கொடைகளால் சேர்ந்த நிதி உண்டு. அது பங்குகளில் முதலீடு செய்யப்படுகிறது. ஆக்கிரமிப்பால் இலாபம் அடையும் நிறுவனங்களின் பங்குகளை விற்றுவிடுங்கள் என்பதே மாணவர்களின் கோரிக்கை.

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியைப் பாருங்கள். முந்தைய போராட்டங்களால் வருமானம் போனது என்று மாணவர் சங்கத்திடம் நிர்வாகம் 2,14,285 யூரோ கேட்டது. மாணவர்கள் பின்வாங்கவில்லை. 2024 மே மாதம் கூடாரம் அடித்து, சுற்றுலாப் பயணிகள் வரும் வழியை மறித்தார்கள். ஐந்து நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது. ஐ.நா. பட்டியலிலுள்ள இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து விலகக் கல்லூரி ஒப்புக்கொண்டது. 2025 ஜூனில், இஸ்ரேலைத் தலைமையிடமாகக் கொண்ட எல்லா நிறுவனங்களிலிருந்தும் விலக முடிவு செய்தது.

இதனால் குண்டுவீச்சு நின்றுவிடவில்லை. ஒருவர் விற்கும் பங்கை இன்னொருவர் வாங்கத்தான் செய்வார். ஆனால் அநீதியோடு கூட்டு வைப்பது வெட்கக்கேடு என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. 1985-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், மாணவர் போராட்டத்துக்குப் பின் தென்னாப்பிரிக்க முதலீடுகளைக் கைவிட முடிவு செய்தது. 1994-ல் அங்கே நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்தது.

பொருளை எப்படி ஈட்டினோம், எதில் செலவிட்டோம் என்று மறுமையில் கேட்கப்படும் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நமது சேமிப்பு எந்த நிறுவனத்தில் முதலீடாகிறது என்பதையும் அவர்களோடு சேர்ந்து விசாரிப்போம்.