ஒட்டுப்போர்வைக்கு எத்தனை கஜம்?

அமெரிக்காவின் குவில்ட் துணிக்கடைகளில் இன்று ஒரு கஜம் பருத்தித் துணி 12 முதல் 14 டாலர் வரை விற்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அதே துணி ஒன்பது, பத்து டாலர்தான். குவில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை: மேலே சிறு துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. இருவர் படுக்கும் கட்டிலுக்கு ஒன்று தைக்க மேல்துணி சுமார் எட்டு கஜம், அடித்துணி எட்டரை கஜம், ஓரப்பட்டிக்கு முக்கால் கஜம் பிடிக்கும். துணிக்கு மட்டுமே 200 டாலரைத் தாண்டிவிடும். பேரப்பிள்ளைக்கோ பக்கத்து வீட்டு மணப்பெண்ணுக்கோ ஆசையாகக் கொடுப்பதற்கே பலர் இதைத் தைக்கிறார்கள். விற்று ஈடுகட்ட முடியாது.

இந்த விலையேற்றத்தின் பெரிய திருப்பம் 2010-11இல் நிகழ்ந்தது. சீன ஆலைகளின் பஞ்சுத் தேவை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் பாகிஸ்தானின் பருத்தி வயல்களை 2010ஆம் ஆண்டு வெள்ளம் மூழ்கடித்தது. பஞ்சு விலை தாங்க முடியவில்லை என்று தமிழக நூற்பாலைகள் உட்பட இங்குள்ளவர்கள் குரல் கொடுத்ததால், இந்தியா ஏற்கெனவே அந்த ஏப்ரலில் பஞ்சு ஏற்றுமதியை நிறுத்திவைத்திருந்தது. பிறகு 55 லட்சம் பொதிகள் என்று வரம்பு கட்டியது. 2011 மார்ச்சில் நியூயார்க் சந்தையில் பஞ்சு ஒரு பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டியது. 2022 மே மாதத்தில் மறுபடியும் ஒன்றரை டாலரைக் கடந்தது. அப்போது இங்கே 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு லட்ச ரூபாய்க்கு மேல் போக, திருப்பூர் பின்னலாடைத் தொழில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பனியன் நகரத்தை உலுக்கிய அதே விலைதான் ஓஹியோவில் போர்வை தைக்கும் பாட்டியின் கையையும் கடித்தது.

ஆனால் எல்லாப் பழியையும் பஞ்சின் மேல் போட முடியாது. ஒரு கஜம் குவில்ட் துணியின் எடை ஏறத்தாழ 150 கிராம். பஞ்சு பவுண்டு 80 சென்ட் விற்றால் அந்தத் துணியில் இருக்கும் பஞ்சின் மதிப்பு 26 சென்ட். 2 டாலர் விற்றால் 66 சென்ட். கூடுவது 40 சென்ட்தான். ஆலை, சாயமிட்டு அச்சடிப்பவர், மொத்த வியாபாரி என ஒவ்வொருவரும் தம் பங்கை விழுக்காட்டில் சேர்க்கிறார்கள். சில்லறைக் கடைக்காரர் வழக்கமாகத் தம் கொள்முதல் விலையை இரட்டிப்பாக்கி விற்கிறார். ஆகவே அந்த 40 சென்ட், வாங்குபவர் கைக்கு வரும்போது ஒரு டாலரைத் தொட்டுவிடுகிறது. 2011 முடிவதற்குள் பஞ்சு ஒரு டாலருக்குக் கீழே இறங்கியது. கடை விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இந்தத் துணியில் பெரும்பகுதி ஆசிய நாடுகளில் அச்சாவதால் கப்பல் கூலியும், 2025இல் அமெரிக்கா விதித்த கூடுதல் இறக்குமதி வரியும் மேலே ஏறி உட்கார்ந்தன. குறைந்த விலைக்குத் தைப்பவர்கள் நம்பியிருந்த ஜோஆன் துணிக்கடை நிறுவனமும் சுமார் 800 கடைகளை அதே ஆண்டு மூடிவிட்டது.

பஞ்சு இறங்கும்வரை காத்திருப்பதில் பயனில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. மிச்சம் பிடிக்க வழி, வெட்டும் மேசையில்தான் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது துண்டின் அளவு. ஒட்டுத்தையலில் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும். தைத்தபின் 2 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் 2.5 அங்குலம் வெட்ட வேண்டும். பரப்பளவில் பார்த்தால் துணியில் 36 விழுக்காடு உள்ளே மடிந்து மறைந்துவிடுகிறது. அதுவே 6 அங்குலச் சதுரமானால் மறைவது 15 விழுக்காடு மட்டுமே. சின்னச் சின்னத் துண்டுகள் சிக்கனமாகத் தோன்றும். புதுத்துணியை வெட்டிச் செய்தால் அவைதான் பெரிய செலவு. கையில் ஏற்கெனவே வெட்டுத்துணி கிடந்தால் மட்டுமே சிறு துண்டு ஆதாயம். ஐந்தங்குலச் சதுரங்களாக ஆலையே வெட்டிக் கட்டித் தரும் பொட்டலங்களையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். 42 சதுரம் கொண்ட ஒரு பொட்டலத்தில் இருப்பது முக்கால் கஜத்துக்கும் குறைவு. விலையோ ஒரு முழுக் கஜத்தை நெருங்கும். நேரமில்லாதவருக்கு அது உதவி, பணமில்லாதவருக்கு அல்ல.

அடுத்தது அடித்துணி. பணம் சத்தமில்லாமல் கரைவது இங்கேதான், ஏனென்றால் யாரும் பார்க்காத பக்கத்துக்கு மேல்பக்கத்தின் அளவே துணி போகிறது. குவில்ட் துணியின் அகலம் 42 முதல் 44 அங்குலம். பெரிய கட்டில் போர்வைக்கு மூன்று அகலம் இணைக்க வேண்டியிருப்பதால்தான் எட்டரை கஜம். அடித்துணிக்கென்றே 108 அங்குல அகலத்தில் வரும் துணியில் மூன்று கஜம் போதும். கஜ விலை கூடுதலாக இருந்தாலும் மொத்தத்தில் குறைவாகவே வரும். மிஞ்சிய துண்டுகளை இணைத்து அடிப்பக்கத்தையும் ஒட்டுப்போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் போர்வைகள் மேல் தனி மதிப்பு.

இந்தக் கலையின் வரலாறே இல்லாமையில் வளர்ந்ததுதான். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கக் கிராமத்துப் பெண்கள் மாவும் கோழித்தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளைப் பிரித்துத் தைத்தார்கள். அதைக் கண்ட நிறுவனங்கள், தங்கள் சாக்கையே தேடி வாங்கட்டும் என்று பூப்போட்ட துணியில் மாவைக் கட்டி அனுப்பின. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயல் வேலையில் நைந்த கால்சட்டைகளை வெட்டிப் போர்வை செய்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தபோது மிஞ்சிய கார்டுராய் துண்டுகளும் அவர்கள் போர்வைகளில் சேர்ந்தன. 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது. 2006இல் அவை அஞ்சல்தலையாகவும் வந்தன. முழங்காலில் வெளுத்த பழைய டெனிமின் நீலத்தை எந்த அச்சுத்துணியாலும் கொடுக்க முடியாது.

இன்றும் அந்த வழி திறந்திருக்கிறது. பழைய துணிக் கடையில் கிடைக்கும் பெரிய அளவு ஆண்கள் சட்டை ஒன்றில் ஒரு கஜம் அளவுக்குத் தேறும். நூறு விழுக்காடு பருத்திதானா என்று சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஓர் இழையை எடுத்துக் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். நெருக்கமாக நெய்த படுக்கை விரிப்பு அடித்துணிக்கு ஆகும். ஆனால் கைத்தையலில் ஊசி எளிதில் இறங்காது, இயந்திரத் தையலே சரி.

நம் வீட்டு அலமாரியிலும் ஒரு வழி இருக்கிறது. ஆறு கஜப் பருத்திப் புடவையின் அகலம் 45 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அதை இரண்டு நீளமாக வெட்டி இணைத்தால், ஒருவர் படுக்கும் கட்டிலுக்கான போர்வைக்கு அடித்துணி முழுசாகக் கிடைத்துவிடும். கட்டிப் பழகி மென்மையான புடவை இன்னும் நல்லது. நெசவு தளர்வாக இருந்தால் தையலுக்குக் கால் அங்குலம் போதாது, அரை அங்குலம் விட வேண்டும். சுங்குடி போன்றவற்றில் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து, நிறம் ஒட்டாத வரை தனியாக அலசிவிட்டே மேல்துணியோடு சேர்க்க வேண்டும்.